காவிரி நாட்டுச் சமரசம்

மாயூரத்தில் ஜில்லா முன்சீப்பாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ச. வேதநாயகம் பிள்ளை, 1878ஆம் ஆண்டில் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்னும் இசைநூலை வெளியிட்டார். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். தம் சமயத்தை இறுதிவரை விடாதவர். ஆயினும் அந்நூலின் கீர்த்தனங்கள், எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமையான திருநாமத்தை முன்னிறுத்தாமல், எல்லார்க்கும் பொதுவான குணங்களைக் கொண்டே பரம்பொருளைத் துதிக்கின்றன; இடையிடையே கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை இடித்துரைக்கவும் அவை தவறுவதில்லை. இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பின் அத்தியந்த நண்பர்கள் யாரென்று பார்த்தால், திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகரும், அவ்வாதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாருமாக, சிவபக்தியிலே ஊறித் திளைத்தவர்களாகவே இருக்கிறார்கள். மகாவித்துவான் தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் ‘குளத்தூர்க் கோவை’ என்ற பிரபந்தமே பாடினார். மகாவித்துவானிடம் பாடம் கேட்ட மாணாக்கர்களில் சவரிராயலு நாயகர் என்ற கிறிஸ்தவரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலர் என்ற முஸ்லிம் புலவரும் உண்டு.

இவ்வளவையும் கேட்கிறவர்கள், காவிரி நாட்டுச் சைவ மடங்கள் எம்மதமும் சம்மதம் என்று எண்ணி வாழ்ந்தவை போலும் என்று முடிவு கட்டிவிடக்கூடும். உண்மை அவ்வளவு எளிதானதன்று. அதே திருவாவடுதுறை மடத்திலேதான், 1785இல் சிவபதம் எய்திய மாதவச் சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் வகுத்தார். வெகுகாலம் மடத்துக்குள்ளேயே போற்றிக் காக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறிய அப்பேருரையில், பிற சமயங்களுக்குச் சலுகை ஏதும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் தன் பூர்வபக்கத்தோடு கூண்டில் நிறுத்தப்பட்டு, விசாரிக்கப்பட்டு, மறுக்கப்படுகிறது. தம் சமயத்துக்கு மிக அருகில் நின்ற சிவசமவாதியையும் முனிவர் விட்டுவைக்கவில்லை. சிவசமவாத உரைக்கு ஒரு தனி மறுப்பு நூலே எழுதினார். இத்தகைய கண்டிப்பும் அத்தகைய நட்பும் ஒரே கூரையின்கீழ் எங்ஙனம் இசைந்திருந்தன என்பதை ஆராய்வோமானால், இந்நாட்டார் சமரசம் என்பதற்குக் கொண்ட கருத்து ஓரளவு துலங்கும்.

கும்பகோணத்திலிருந்து மாயூரம் போகிற வழியிலும் அதன் சுற்றுப்புறத்திலுமாகத் திருப்பனந்தாள், திருவாவடுதுறை, தருமபுரம் என மூன்று சைவ மடங்கள் இருக்கின்றன. கும்பகோணத்தில் அத்வைதிகளின் சங்கர மடமும், துவைத சித்தாந்தியான விஜயீந்திர தீர்த்தரின் பிருந்தாவனமும், விசிஷ்டாத்வைதிகள் போற்றும் சார்ங்கபாணி கோயிலும் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கரின் காலத்தில் இந்த விஜயீந்திரரும், அத்வைதியும் சிவபக்தருமான அப்பைய தீக்ஷிதரும் வாதப் பிரதிவாதங்களால் நூல்மேல் நூலாக எழுதிக் குவித்தார்கள். நெல் விளையும் நன்செய்யைப் புலவர்க்கும் மடத்துக்கும் மானியமாக எழுதிவைக்கும் வழக்கம் இவ்வளவு பரந்திராவிட்டால், இத்தனை நுணுக்கமான வாதத்துக்கு வேண்டிய ஓய்வு எவருக்கும் கிடைத்திராது என்பதையும் மறந்துவிடலாகாது.

வாதத்தின் மையம் ஆத்மா என்ன பொருள் என்பதே. சங்கரரைப் பின்பற்றுகிறவர்கள், ஜீவன் உண்மையில் பிரம்மமே என்றும், வேறாகத் தோன்றுவது அவித்தையின் காரியம் என்றும் கூறுவர். இராமானுஜ தரிசனத்தில் ஜீவர்கள் ஈசுவரனுக்குச் சரீரமாக நின்று அவனைப் பிரியாதிருப்பர். மத்வரோ ஜீவனும் ஈசுவரனும் எக்காலத்தும் வேறு வேறே என்று சாதிப்பார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களால் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம், பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும் அநாதி என்று தொடங்குகிறது. ஆன்மாக்கள் பல, அவற்றை எவரும் படைக்கவில்லை, அவை என்று உண்டோ அன்றே ஆணவ மலமும் அவற்றைப் பற்றியிருந்தது. இவ்வான்மாவுக்குச் சித்தாந்திகள் கூறும் சிறப்பிலக்கணம் ஒன்றுண்டு. அது எதைச் சார்கிறதோ அதன் இயல்பாகவே நிற்கும். நிறமுடைய பொருளை அடுத்த பளிங்கு அந்நிறத்தைக் காட்டுவதுபோல, மலத்தைச் சார்ந்தபோது அறியாமையே வடிவாகவும், திருவருளைச் சார்ந்தபோது சிவத்தின் இயல்பே தன்னியல்பாகவும் அது விளங்கும். முத்தியிலும் ஆன்மா அழிந்துபோவதில்லை; தன் முனைப்பு ஒழிந்து, சிவத்தோடு பிரிப்பின்றி, அவ்வின்பத்தை அனுபவிக்கும் பொருளாக நிலைபெறும்.

இந்தக் கொள்கைக்கும் சமயங்களின் ஒருமைப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் சாதாரணமாகக் கவனிக்கப்படுவதில்லை. ஆத்மா ஒன்றே, அது பிரம்மமே என்று கொண்டால், சமயங்கள் அனைத்தும் வியாவகாரிக உலகத்துக் காரியங்களாகி, ஞானம் உதித்த இடத்தில் ஒருசேரக் கழன்றுபோகும். அவற்றுள் இது முந்தியது, அது பிந்தியது என்று ஒழுங்கு காண முடியுமேயன்றி, அவ்வொழுங்குக்கு இறுதியான மெய்ம்மை இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆன்மாக்கள் பல, அவற்றின் மலபரிபாகம் வெவ்வேறு நிலையில் உள்ளது, ஒவ்வொன்றையும் அதனதன் பக்குவம் அறிந்து நடத்துவோன் ஒருவன் இருக்கிறான் என்று கொண்டாலோ, சமயங்கள் பலவாக இருப்பதே திருவருளின் ஏற்பாடாகிவிடுகிறது. ஒரு சமயம் பொய்யாகத் தோன்றினாலும், அந்தப் பக்குவத்து ஆன்மாவுக்கு அது வேண்டியிருந்தது என்று சொல்ல இடமுண்டாகிறது.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் இக்கருத்து முழு வடிவம் பெறுகிறது. அந்நூலின் பரபக்கம் உலகாயதம் முதலாகப் பதினான்கு மதங்களை எடுத்துரைத்து மறுக்கிறது. அதில் பௌத்தர்கள் மட்டும் நான்கு பிரிவினர். சுபக்கத்துக்கு வந்தவுடன் குரல் மாறுகிறது. நீங்கள் எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும், அந்தத் தெய்வமாகி வந்து அவ்வழிபாட்டை ஏற்பவன் சிவபெருமானே என்று ஆசிரியர் கூறுகிறார். ஒன்றோடொன்று மாறுபடும் சமயங்களெல்லாம் பிணக்கின்றி ஓரிடத்தே காண நிற்பது எதுவோ அதுவே மெய்ச்சமயம் என்றும் ஓர் இலக்கணம் வகுக்கிறார். இவ்விரண்டு கூற்றுக்களும் மேடைகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் முதற்கூற்றுக்கு அவர் கூறும் காரணத்தை எடுத்துக்காட்டுவோர் குறைவு. ஏனைத் தெய்வங்கள் பிறக்கும், இறக்கும், துன்பப்படும், வினை செய்யும். ஆகையால் அவை தாமே ஆன்மாக்கள். வழிபாட்டின் பயனை அறிந்து கொடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அவ்விடத்தில் வந்து கொடுப்பவன் இக்குறைகளெல்லாம் இல்லாத சிவன் ஒருவனே. வழிபடுகிறவனை இவ்வாறு அன்போடு ஏற்கிற சித்தியார், அவனுடைய தெய்வத்தை அதே மூச்சில் பசுவர்க்கத்தில் சேர்த்துவிடுகிறது!

பின்வந்த உரையாசிரியர்கள் இந்த ஒழுங்கை நான்கு வட்டங்களாக்கினர். சார்வாகரும் பௌத்தரும் சமணரும் புறப்புறச் சமயத்தார். தருக்கம், மீமாஞ்சை, சாங்கியம், யோகம் முதலியன புறச்சமயம். வைணவர்களின் பாஞ்சராத்திரமும், அத்வைத வேதாந்தமாகிய ஏகான்மவாதமும் இதில்தான் வைக்கப்பட்டன. பாசுபதம், காபாலம் போன்றவை அகப்புறம். சித்தாந்தத்தோடு ஒரே ஆகமங்களை ஒப்புக்கொண்டும் முத்தியின் இயல்பில் வேறுபடுவன அகச்சமயம். உமாபதி சிவாசாரியார் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் பெரிதும் அகத்தோரோடு வாதிடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. வேற்றாரோடு மல்லாடும் கருத்து அதில் குறைவு. உறவினரோடு பங்கு பிரிக்கும் நுட்பமே மிகுதி. ஆன்மா இவ்வட்டங்களைப் பிறவிதோறும் படிப்படியாகக் கடந்து உள்ளே வருகிறது என்பது கொள்கை. இது ஒருவகைச் சமரசமே. ஆயினும் ஏணியின் உச்சிப் படியில் ஏணியைச் செய்தவன் தானே உட்கார்ந்துகொள்ளும் சமரசம். அத்வைதியும் இதையே செய்கிறான் என்று சித்தாந்தி பதில் சொல்லக்கூடும். துவைதத்தை வியாவகாரிகத்திலும் அத்வைதத்தைப் பாரமார்த்திகத்திலும் வைப்பதும் ஏணிதான். தன் கொள்கையை மெய்யென்று நம்புகிற எவனும் வேறெவ்வாறு செய்ய முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஏணியே வேண்டாம் என்கிறவன் பெரும்பாலும் கொள்கையையே விட்டுவிடுகிறான்.

இந்த வாதங்கள் ஏட்டில் மட்டும் நடந்தவை அல்ல. மறுக்கப்பட்ட பௌத்தர்கள் நாகப்பட்டினத்தில் கண்ணெதிரே வாழ்ந்தார்கள். ஸ்ரீவிஜய தேசத்துச் சைலேந்திர அரசர் அங்கே எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு, சிவபாதசேகரன் என்று பட்டம் புனைந்த முதலாம் இராஜராஜன், தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்வூரின் ஆண்டு வருமானம் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் என்பதைப் பின்னர் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த செப்பேடுகள் தெரிவிக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே அரசன், அதே காவிரி நீரில் விளைந்த நெல்லைப் புத்தருடைய சந்நிதிக்கும் அளந்தான். கடல் வாணிகத்துக்கு வேண்டிய ராஜதந்திரம் இதில் இருந்திருக்கலாம், இருந்தே இருக்கும். எனினும் அச்செயல் தன் சிவபக்திக்கு இழுக்கென்று அவன் கருதவில்லை. அருணந்தியார் பௌத்தரை மறுத்த காலத்திலும் அந்த விகாரம் நின்றுகொண்டுதான் இருந்தது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் வழங்கிய அதன் எஞ்சிய கட்டடம், 1867இல் ஆங்கில அரசாங்கத்தின் அனுமதியோடு யேசு சபைப் பாதிரிமாரால் இடிக்கப்பட்டது.

மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர், பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் அடக்கமான சாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவுக்கு 131 அடி உயரமுள்ள மினாராவைக் கட்டிக் கொடுத்ததும் இந்த வரிசையில் வருவதே. கந்தூரி விழாவுக்கு இந்துக்கள் நேர்த்திக்கடன் செலுத்தப் போவதும், தஞ்சைக்கு அருகில் காசவளநாடு புதூரில் இந்துக் குடும்பங்களே மொகரத்தை ‘அல்லாசாமி’ பண்டிகையாகக் கொண்டாடுவதும் இன்றும் நடக்கின்றன. நாகூருக்குப் போகிறவர்களிடம் ஆத்மா ஒன்றா பலவா என்று கேட்டால் சிரிப்பார்கள். நோய் தீர வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும், கடலில் போனவன் திரும்ப வேண்டும். பண்டிதர்கள் இதைச் சமரசம் என்று கூற மாட்டார்கள். இருந்தும், வழிபாடு எங்கே செய்யப்பட்டாலும் ஏற்பவன் ஒருவனே என்ற சித்தியாரின் வார்த்தையை, சித்தியாரைக் கண்ணால் காணாத இவர்களே தினமும் நடத்திக் காட்டுகிறார்கள்.

ஏணிக்கு மாற்றாக வேறொரு வழியைக் கண்டவர் தாயுமானவர். வேதாரணியத்தோடு தொடர்புடைய வேளாளக் குடும்பத்தில் வந்து, திருச்சிராப்பள்ளியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனைக் கணக்கில் உத்தியோகம் பார்த்து, பின்பு அதை உதறிய இவர், பதினெட்டாம் நூற்றாண்டில் வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் சமரசப்படுத்தினார் என்று புகழப்படுகிறார். அவர் இரண்டு தரிசனங்களையும் பக்கத்தில் வைத்து, இந்தச் சூத்திரத்துக்கு அந்தச் சூத்திரம் நேர் என்று ஒப்புமை காட்டினார் அல்லர். மௌனகுரு என்று அவர் போற்றிய ஆசாரியரிடம் பெற்ற உபதேசப்படி, சொல் ஓய்ந்து, மனம் ஓய்ந்து, ‘நான்’ என்னும் எண்ணம் எழாத நிலையை அனுபவத்தில் நாடினார். அந்நிலையில் நிற்கும் ஒருவனிடம், நீ பிரம்மமாகிவிட்டாயா, பிரம்மத்தோடு கூடி நிற்கிறாயா என்று கேட்டால், அவனுக்கு விடை சொல்ல வாய் இல்லை. வாய் திறந்தால் அந்நிலையில் அவன் இல்லை. சமயவாதிகளின் கூச்சலைக் கண்டு அவர் வருந்தினார். ஆனால் அவர் பாடல்களில் சிவபிரானிடம் கெஞ்சி அழும் குரல் ஒருநாளும் ஓயவில்லை. அந்த அழுகைக்கு இருவர் வேண்டும். ஆகவே தர்க்கத்தில் அவரை அத்வைதி என்று ஸ்தாபிக்க முயல்கிறவர்களும், சுத்த சித்தாந்தி என்று ஸ்தாபிக்க முயல்கிறவர்களும் இடையிலேயே இளைத்துப்போகிறார்கள். 1792இல் பிறந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபு இவருடைய பாடல் முறையைத் தழுவித் தம் இறைவனைப் பாடினார். அம்மஸ்தானைப் புகழ்ந்து திருத்தணிகைச் சரவணப் பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். கொள்கை செல்ல முடியாத இடங்களுக்குப் பாட்டின் மெட்டு சென்றுவிடுகிறது.

வேதநாயகம் பிள்ளையின் வழி இவ்விரண்டிலும் சேராதது. ஆன்மாவின் இலக்கணத்தை அவர் விசாரிக்கவில்லை, மௌனத்தையும் நாடவில்லை. நீதிமன்றத்தில் இரு கட்சிக்காரரையும் பொதுவில் நின்று கேட்டுப் பழகிய அவர், பகவானுடைய நீதியையும் கருணையையும் எல்லாரும் ஒப்புவார்கள் என்ற இடத்திலே நின்றுகொண்டார். பாடுவதற்கு அது இனிய இடம். அதிக நேரம் நின்று சிந்திப்பதற்குப் போதாத இடம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் அவர் ஏழைகளுக்குக் கஞ்சித் தொட்டி வைத்து ஆதரித்ததையும் நினைக்கும்போது, அவருடைய சமரசத்தை அச்சிட்ட நூலைக்கொண்டு மட்டும் அளப்பது நியாயமாகாது.

கீர்த்தனை வெளிவந்து இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன், 1897 பிப்ரவரியில் விவேகானந்த சுவாமிகள் கும்பகோணத்துக்கு வந்து வேதாந்தத்தின் பணியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மற்றச் சமயங்கள் ஒரு ஸ்தாபகரின் சரித்திரத்தைப் பற்றி நிற்கின்றன, வேதாந்தமோ தத்துவத்தைப் பற்றி நிற்கிறது, ஆகையால் உலகத்துக்குப் பொதுவாகும் தகுதி அதற்கே உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். சிகாகோ சர்வமத சபையின் கீர்த்தியோடு வந்த அக்குரலுக்குப் பிறகு, சமய ஒருமை என்றாலே அத்வைதத்தின் ஒருமை என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றிவிட்டது. அதே ஆண்டில், ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை ‘சித்தாந்த தீபிகை’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சிவஞானபோதத்தை 1895இலேயே ஆங்கிலத்தில் பெயர்த்திருந்த அவரும் உத்தியோகத்தில் ஜில்லா முன்சீப்புதான். ஆன்மாக்கள் பலவாயிருந்தும் ஒருமை சாத்தியம் என்று அவர் எழுதியவை பண்டிதர்களைத் தாண்டி அதிகம் செல்லவில்லை. அவ்வாதம் இன்னும் கவனமாகக் கேட்கப்பட வேண்டியது.

இங்கே ஒரு குறையைக் கூறாமல் மேலே செல்வது கூடாது. ஆன்மாக்கள் எல்லாம் ஒரே இனம், வேறுபாடு மலத்தால் என்று சித்தாந்தம் சொல்லிற்று. ஆன்மா ஒன்றே என்று வேதாந்தம் சொல்லிற்று. இவ்விரண்டையும் பாடம் சொன்ன மடங்களின் நிலத்தை உழுத பண்ணையாட்கள் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகிய கதையை இந்நாட்டில் அறியாதார் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையில் பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரை, நந்தனாரின் ஆண்டையாக, நுழைத்தார். தஞ்சை ஜில்லாவின் வயல்வெளியைக் கண்ணால் கண்டவர் அப்படித்தான் பாட முடியும். தஞ்சைப் பெரிய கோயில் ஆதிதிராவிடருக்குத் திறந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947இல். புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்து ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகு! வேற்றுச் சமயத்தானோடு இணங்குவதைவிட, தன் சமயத்தானைப் பக்கத்தில் நிற்க விடுவது இந்நாட்டுக்குக் கடினமாக இருந்திருக்கிறது. படிமுறைக் கொள்கை இதற்குக் காரணம் என்று நான் கூற மாட்டேன். ஆனால் பக்குவம் என்ற சொல்லைச் சாதிக்குத் துணையாக்குவது மிக எளிதாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

சுதந்திரத்துக்குப் பின், காவிரியின் மேற்புறத்தில், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் இவ்விசாரம் புதிய உருக்கொண்டது. ழூல் மோன்ஷனேன், ஆன்றி லெசோ என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவியர் இருவர், பரம அரூபி ஆனந்தர், அபிஷிக்தானந்தர் என்ற பெயர்களோடு காவி உடுத்து, 1950இல் அங்கே சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்ற பெயரே பிரசித்தம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவத்தைச் சத்து, சித்து, ஆனந்தமாகத் தியானிக்கலாம் என்பது அவர்கள் நோக்கம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைத் தரிசித்திருந்த லெசோ, அத்வைத அனுபவத்தினுள் மேன்மேலும் ஆழ்ந்தார். அன்பு செய்ய இருவர் வேண்டுமே என்று திரித்துவமும், இருவர் இல்லை என்று உபநிஷத்தும் தம்மை இரண்டு பக்கமும் இழுக்க, பல்லாண்டு தவித்தார். மோன்ஷனேனுக்கோ, அத்வைதத்தைக் கிறிஸ்தவக் கொள்கையோடு அவ்வளவு எளிதில் பொருத்த முடியாது என்ற ஐயம் வரவரப் பலப்பட்டது. 1957இல் அவர் காலமானார். 1968இல் லெசோ இமயச் சாரலுக்கே போய்விட்டார். ஆசிரமப் பொறுப்பை அவ்வாண்டில் ஏற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், ஆராதனையில் ஆரத்தியையும் வடமொழித் தோத்திரங்களையும் தமிழ்ப் பாடல்களையும் சேர்த்து, 1993இல் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

அவருக்குக் கத்தோலிக்கரிலும் எதிர்ப்பு இருந்தது, இந்துக்களிலும் எதிர்ப்பு இருந்தது. தம் திருச்சபையின் கொள்கையை நீர்த்துப்போகச் செய்கிறார் என்று அவர்கள் சொன்னார்கள். எங்கள் சின்னங்களைக் கடன் வாங்கி மதம் பரப்புகிறார் என்று இவர்கள் சொன்னார்கள். இரு தரப்பாரின் சந்தேகமும் ஒரே கேள்வியிலிருந்து பிறக்கிறது: முத்தியில் ஆன்மா எஞ்சுகிறதா, இல்லையா என்பதற்கு விடை கூறாமலே ஆரத்தியையும் அப்பத்தையும் ஒரே பீடத்தில் வைக்கலாமா? சிவஞான முனிவர் அங்கே வந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். லெசோ தமக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுவே.